‘முன்’ என்று நீ காட்டிய முகம்

மகனே,

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தாய் மகனுக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருகிற பெண்ணிடம் பொறுமையாக இரு, அவள் வீட்டாரை மதி, சாப்பாட்டில் குறை சொல்லாதே என்றெல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. முப்பது வருடமாக இந்தத் தீவில் செய்தி எழுதிப் பிழைக்கிறவள் நான். தெரிந்த விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறெதையோ எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் உன் முகத்தைப் பற்றி எழுதுகிறேன். உன்னிடம் தனியாகப் போனில் பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில், ஊர் பார்க்க எழுதுவது அதனால்தான். நீயும் உன் வீடியோவை ஊர் பார்க்கத்தானே போட்டாய்.

போன மாதம் சென்னையிலிருந்து கூப்பிட்டாய். “எம்மா, நான் பிளஸ் டூ படிக்கும்போது கப்பல் ஜெட்டியில வச்சு ஒரு போட்டோ எடுத்தியே, முகமெல்லாம் செவந்து கெடக்குமே, அது இருக்கா?” என்றாய். எதுக்கு மக்கா என்றேன். “கல்யாண வீடியோவுல சின்ன வயசுலேர்ந்து வரிசையா போட்டோ ஓட்டுவாங்கல்லா, அதுக்குத்தான்” என்றாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த ஒரு வருடம் எடுத்த எல்லாப் படத்திலிருந்தும் உன்னை நீயே கத்தரித்து எடுத்தவன் நீ. உன் சித்தி வீட்டு ஞானஸ்நானப் படத்தில் இன்றைக்கும் நீ நின்ற இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. அப்படிப்பட்டவன் அந்த முகத்தை நாலு பேர் பார்க்கத் திரையில் ஓட்டச் சொல்கிறானே, பையன் எவ்வளவு தெளிந்துவிட்டான் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். பழைய கம்ப்யூட்டரைக் கிண்டி அந்தப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன்.

அதைத் திரும்பப் பார்த்தது நம் ஊர் அபர்டீன் பஜாரில். உன் அப்பாவுக்கு மாத்திரை வாங்க வழக்கமான மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெலுங்குக்காரர், நம்மோடு இந்தியில்தான் பேசுவார், என்னை ‘தீதி’ என்பார், அக்கா என்று. “தீதி, உங்க பையன் ஹீரோ ஆயிட்டான், பாருங்க” என்று சொல்லி, கல்லாவுக்கு மேல் சாய்த்து வைத்திருந்த போனைத் திருப்பிக் காட்டினார். திரையின் இடது பக்கம் ஜெட்டியில் நான் எடுத்த முகம். அதன் மேல் பெரிய எழுத்தில் ‘முன்’. வலது பக்கம் இப்போதைய உன் முகம், ‘பின்’. நடுவில் நீ பேசுகிறாய்: “இது என் சொந்தக் கதை. எத்தனையோ டாக்டர்கிட்ட போனேன். எதுவும் கேக்கல. கடைசியில இந்த சீரம். ஆறே வாரம்.” கடைக்காரர் பெருமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம தீவுப் பையனே சொல்றான்னு கேட்டுக் கேட்டு வாங்குறாங்க. அடுத்த லோடு எப்ப வருமோன்னு ஆளுக்கு ரெண்டு மூணா எடுத்துட்டுப் போறாங்க” என்றார். மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் சொந்தக் கதை என்கிறாய். அது எனக்கும் தெரிந்த கதை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் சேர்ந்தபோது உனக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பரு வந்தது. அந்த வயதில் பாதிப் பையன்களுக்கு வருவதுதான். ஸ்கூல் பஸ்ஸில் உன்னை ‘அனார்’ என்று கூப்பிட்டார்கள். இந்தியில் மாதுளம்பழம். நீ எலுமிச்சைச் சாறு தேய்த்தாய், பற்பசை தடவினாய், சொரசொரப்பான ஸ்கிரப்பை வாங்கி மணிக்கணக்கில் தேய்த்தாய். தேய்க்கத் தேய்க்கக் கூடியது. அந்தச் சமயத்தில் உன் அப்பா படகு இன்ஜினுக்கு உதிரிப் பாகம் வாங்க மெயின்லேண்ட் போனார். சென்னையில் ஒரு மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சீட்டு ஏதும் கேட்காமல் ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்து, பத்து நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்றிருக்கிறார்கள். வேறு ஊர்க்காரன் என்றால் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருப்பான். நாம் தீவுக்காரர்கள். “ஒண்ண வாங்கிட்டு வந்து, அது தீந்து, அடுத்தாப்ல யாருகிட்ட சொல்லி விட? அதான் ஒரு டஜனா வாங்கிட்டேன்” என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெங்காயமானாலும் பால் பவுடரானாலும் அப்படித்தானே வாங்கி வைக்கிறோம். கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டிய மருந்து ஒரு வருடத்துக்குத் தேவையான அளவு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று நான்கூட யோசிக்கவில்லை.

முதல் வாரத்திலேயே உன் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. எல்லோரும் கேட்டார்கள், உன் அப்பா டியூபைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். நீ விடாமல் போட்டாய். மாதங்கள் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு ராத்திரி போடாமல் விட்டால் காலையில் பொரிப்பொரியாக வந்தது. வெயிலில் நின்றால் எரிந்தது. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. மழைக் காலத்தில் கப்பல் நின்றுபோய், கடைசி டியூபும் தீர்ந்தது. நாலே நாளில் உன் முகம் அவித்தது போல ஆகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாய்.

கடல் தணிந்து கப்பல் வந்த அன்று, அந்தச் செய்திக்குப் படம் எடுக்க நான் ஜெட்டிக்குப் போனேன். நீயும் கூட வருகிறேன் என்றாய். அத்தனை நாள் வெளியே வராதவன் வருகிறானே என்று நினைத்தேன். நீ வந்தது டியூபுக்காக. உன் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அந்தக் கப்பலில் கொண்டுவந்தார். அவர் கையில் பொட்டலத்தைப் பார்த்த நிமிடம் உன் முகத்தில் வந்த அந்த ஆவலைத்தான், என்ன ஏது என்று புரியாமல், படமாக எடுத்தேன். நீ அங்கேயே ஒரு டியூபைப் பிரித்து, சுமை தூக்குகிறவர்களுக்கு நடுவில் நின்று, விரலால் பிதுக்கி முகத்தில் தேய்த்துக்கொண்டாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கே டியூபில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மறுநாள் உன்னைப் பஜார் மேட்டில் இருக்கிற தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் டியூபைப் பார்த்தார், உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வைக்கும், பருவை ஆற்றாது, நிறுத்தினால் பல மடங்காகத் திரும்பும் என்று பொறுமையாகச் சொன்னார். “இப்ப முகத்துல இருக்கிறது முகப்பரு இல்ல. இந்த கிரீம் செஞ்சது” என்றார். அதை விட்டு வெளியே வர அவர் உன்னோடு முக்கால் வருடம் பாடுபட்டார். முதல் இரண்டு மாதம் முகம் இன்னும் மோசமானது. நீ பார்த்துப் பார்த்து அழுகிறாய் என்று உன் அப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே மாட்டினார்; அவர் சவரமெல்லாம் அங்கேதான். பிறகு ராத்திரியில் ஒரு பட்டாணி அளவு ஜெல், வெயில் படாமலிருக்க ஒரு லோஷன், கொஞ்ச காலம் மாத்திரை. வாசனை இல்லாத, அட்டைப் பெட்டியில் யார் படமும் இல்லாத, மலிவான மருந்துகள். மெதுவாக, மிகவும் மெதுவாக, உன் முகம் உனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆகவே மகனே, நீ ‘முன்’ என்று காட்டும் முகம் எந்த வைத்தியத்துக்கும் முந்திய முகம் அல்ல. சீக்கிரம் சரியாகும் என்று சொல்லி விற்ற ஒரு களிம்பைப் போட்டதற்குப் பின் வந்த முகம் அது. நீ ‘பின்’ என்று காட்டுவது, உதவவில்லை என்று நீ சொல்கிற டாக்டரின் வேலை. உன் சீரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் இல்லை. அது அப்போது சந்தைக்கே வரவில்லை.

நீ வேலை பார்க்கும் கம்பெனியின் பாட்டிலை விஷம் என்று நான் சொல்லவில்லை. அதில் இருப்பதைப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. லேசான பருவுக்கு, அளவோடு போட்டால், சிலருக்குக் கேட்கும். அவ்வளவுதான் அதன் கதை. ஆனால் அவ்வளவை மட்டும் சொன்னால் யாரும் மூன்று பாட்டில் வாங்க மாட்டார்கள். பரு தானாக ஏறும், தானாக இறங்கும். மனிதர்கள் அது உச்சத்தில் இருக்கும்போதுதான் பதறிப்போய் எதையாவது வாங்குகிறார்கள். இறங்குகிற வாரத்தில் எது முகத்தில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. விளம்பரக்காரர்கள் பிழைப்பது அந்த வாரத்தில்தான். உண்மையில் வேலை செய்கிற மருந்தோ முதலில் தோலை உரிக்கும், காயவைக்கும், இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அதை வைத்து யாராலும் அரை நிமிட வீடியோ எடுக்க முடியாது.

அந்த உரிகிற வாரத்தில்தான் அனிட்டா உன் வீடியோவைப் பார்த்தாள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அனிட்டா என் தங்கை மகள், டாலிகஞ்சில் எங்களுக்கு அடுத்த வீடு. பிளஸ் டூ படிக்கிறாள். இவனைக் கூடப் பிறந்த அண்ணனாகவே நினைத்து வளர்ந்தவள். உன் சித்தி அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போய், அவரும் அதே ஜெல்லைக் கொடுத்து, மூன்றாவது வாரம் மூக்கோரம் தோல் உரியத் தொடங்கியது. டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் யார், நீ யார்? அவள் ஜெல்லைத் தூக்கிப் போட்டாள். லோடு தீர்ந்துவிடுமோ என்று பயந்து மூன்று பாட்டில் வாங்கினாள். ஒரு வேளை போடச் சொன்னதை மூன்று வேளை போட்டாள், சீக்கிரம் சரியாகட்டும் என்று; உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தங்கையாக முன்னால் நிற்க வேண்டும் அல்லவா. ஏற்கெனவே உரிந்த தோலில் அந்த அமிலம். அப்படியே வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

உன் சித்தி என்னைக் கூப்பிட்டபோது அனிட்டா துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “அக்கா, இவ தண்ணி பட்டாலே அலறுதா. டாக்டர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நீ கூட்டிட்டுப் போ” என்றாள் உன் சித்தி. எதுக்கு ஜெல்லை நிறுத்துன என்று அனிட்டாவைக் கேட்டேன். “அண்ணனுக்கே டாக்டர் மருந்து கேக்கலல்லா பெரியம்மா” என்றாள். ஊரில் யார் யாரையோ நேருக்கு நேர் கேள்வி கேட்டவள், அந்தப் பிள்ளையிடம் உன்னைப் பற்றிச் சொல்ல வாய் வராமல் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

டாக்டருக்கு இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அனிட்டாவின் துப்பட்டாவை விலக்கிப் பார்த்து, “க்யா லகாயா பேட்டி?” என்றார், என்ன பூசினாய் மகளே என்று. அவள் போனை எடுத்து உன் வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. “பையன் என்ன சொல்றான்?” என்று கேட்டார். அனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டு இந்தியில் சொன்னாள்: “எத்தனையோ டாக்டர்கிட்ட போனாராம். எதுவும் கேக்கலையாம்.” அவர் படத்தை நிறுத்தி ‘முன்’னைப் பெரிதாக்கினார். “இது வெறும் பரு இல்லையே. இவன் ரொம்ப நாள் ஸ்டீராய்டு கிரீம் போட்டிருக்கான். பாத்தாலே தெரியுது” என்றார். பிறகு ‘பின்’னைப் பார்த்தார். “தழும்பு ஒண்ணுமே இல்ல. யாரோ நல்லா பாத்திருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

“நீங்கதான், டாக்டர் சாப். அது என் மகன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை அனிட்டாவிடம் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு ஞாபகம் இல்ல, தீதி. குணமானவங்க யாரும் திரும்பி வர்றதில்ல” என்று சொல்லிவிட்டு மருந்து எழுதத் தொடங்கினார். முதலில் தோல் ஆற வேண்டும், அதற்குப் பிறகுதான் பருவுக்கு மருந்து, அதற்குப் பிறகும் கருமை மறைய மாதங்கள் ஆகும் என்றார். அனிட்டா கல்யாணத் தேதியைச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் துப்பட்டாவை மறுபடி முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பிறகு, “அப்ப அண்ணன் இத போடவே இல்லையா பெரியம்மா?” என்றாள். இல்லை என்றேன். “ஒரு நாள்கூடவா?” ஒரு நாள்கூட இல்லை என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் கீழ ‘ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, நானும் வாங்கிட்டேன்’னு கமெண்ட் போட்டிருந்தேன். அண்ணன் ஹார்ட் போட்டாங்க.”

அன்று மாலை உன்னைக் கூப்பிட்டேன். அதற்கு முன் நாம் இதைப் பேசியபோது, “எல்லாரும் இப்படித்தாம்மா செய்யுதாங்க. யாரோ மாடல் மூஞ்சியப் போடாம என் சொந்த மூஞ்சியத்தான போட்டேன்” என்றாய். கீழே, ஆளுக்கு ஆள் பலன் மாறும் என்று எழுதியிருக்கிறதே என்றாய். கண்ணாடி போட்டும் அதை என்னால் படிக்க முடியவில்லை. உன் அப்பா வாங்கி வந்த டியூபிலும் இப்படிப் பொடி எழுத்தில்தான் எழுதியிருந்தது. அன்று அனிட்டாவைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் தடுமாறுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொன்னது: “நான் என்ன மூணு வேளையா போடச் சொன்னேன்? ஒரு வேளைன்னு தெளிவா சொல்லிருக்கேன்லா.” வீடியோவை எடுத்துரு என்றேன். “அது என் கையில இல்லம்மா. எடுக்கச் சொன்னா வேலை போயிரும். கல்யாணத்த வச்சிக்கிட்டு என்ன இப்படிப் படுத்துத?” என்றாய்.

உன் வேலை போக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. பொய் சொல்லாமல் அந்தப் பாட்டிலை விற்றிருந்தால் இந்தப் பக்கத்தில் உன் பேச்சே வந்திருக்காது. நீ படத்தை வாங்கிக்கொண்ட விதம்கூடப் பரவாயில்லை, மகன் தாயை ஏமாற்றுவது புதிதல்ல. எனக்குக் கசப்பது வேறு. உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும். நம் குடும்பத்துத் தோல் அப்படி, பதினைந்து பதினாறு வயதில் அதன் முகத்திலும் பரு வரும். அப்போது நீ அதற்கு இந்த சீரத்தை வாங்கிக் கொடுக்க மாட்டாய். சத்தமில்லாமல் நல்ல டாக்டராகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவாய். மருந்து மெதுவாகத்தான் கேட்கும், பொறுத்துக்கொள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாய். உனக்குத் தெரியும் மகனே. தெரிந்ததை உன் பிள்ளைக்கு வைத்துக்கொண்டு, தெரியாதவர்களின் பிள்ளைகளுக்கு மற்றதை விற்கிறாய்.

“கல்யாணம் முடியட்டும் அக்கா, அப்புறம் எழுதலாம். பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க?” என்று உன் சித்தி கெஞ்சினாள். பாதிக்கப்பட்டது அவள் மகள், அவளே கெஞ்சினாள். ஆனால் அந்த மருந்துக் கடையில் தினமும் யாரோ ஒரு பிள்ளை உன் முகத்தைப் பார்த்துப் பாட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறது. சௌல்தாரியிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கிப் போகிறார்களாம், கடைக்காரரே சொன்னார். மூன்று வாரம் எனக்குச் சின்ன விஷயம், அவர்களுக்கு அப்படி இல்லை. கடைக்காரரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். போனைக் கல்லாவிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டில்களை எடுக்கவில்லை.

யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அவர் பதிலைக் கேட்பது என் வழக்கம். உன்னிடமும் கேட்டேன், இந்தக் கடிதத்தை முழுதாக அனுப்பி வைத்து. இதில் பொய் ஏதாவது இருந்தால் சொல், திருத்துகிறேன் என்றேன். மறுநாள் இரண்டே வரி வந்தது: “பொய் ஒண்ணும் இல்ல. ஆனா போடாத.” போடுகிறேன்.

கல்யாணத்துக்கு நானும் உன் அப்பாவும் வருகிறோம். நீ வேண்டாம் என்றால் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அனிட்டா வருவாளா என்று நான் கேட்கவில்லை. வராமல் இருந்தாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நேற்று அவளாகவே வந்து, டிக்கெட் போட்டாச்சா பெரியம்மா என்று கேட்டாள். முகம் கல்யாணத்தன்றும் சிவந்துதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உனக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாள். போட்டோ எடுக்கிறவர்கள் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் முகத்தை வழித்து மினுக்கிவிடுகிறார்களாம். அவள் முகத்தில் எதையும் அழிக்க வேண்டாமாம். உன் பக்கத்தில் அவள் நிற்கிற படம், நின்றபடியே இருக்கட்டுமாம்.

— உன் அம்மா